பெருந்துறைத் தப்புகள்

பெருந்துறை, சென்னிமலை சாலையில் இருந்த அந்த ஆங்கிலப் பயிற்சி மையத்தில், பிழையில்லாமல் பேசிவிட்ட ஒரு மாணவன் திட்டு வாங்குவதோடுதான் காலை வகுப்பு தொடங்குவது வழக்கம். அன்று மாட்டிக்கொண்டவன் நவநீதன்.

"ஏங்கண்ணு, முழுசா ரெண்டு நிமிஷம் பேசியிருக்கறே. ஒரு தப்புகூட வுடலையே! இப்படிப் பேசினா எவன் உன்னையக் கப்பல்ல ஏத்துவான்?" என்றார் மையத்தை நடத்தும் திருமலைசாமி.

"தானா வந்துருச்சுங்க சார்."

"தானா வருதா? சில்லைக் கழட்டி ரெண்டு மாசமாச்சு, இன்னும் அந்தத் திமிரு போகலை பாரு. உக்காரு."

வகுப்பு சிரித்தது. நவநீதன் வெட்கப்பட்டு உட்கார்ந்தான்.

அந்தக் காலத்தில் குழந்தைக்கு முதல் பால்பல் விழுந்ததும் காதுக்குப் பின்னால் நாச்சில்லு பொருத்திவிடுவார்கள். அதன்பின் தமிழில் நினைத்தால் போதும், எதிரில் இருப்பவருக்கு எந்த மொழி வேண்டுமோ அந்த மொழியில் வாய் பேசும். ஒரு தலைமுறைக்குள் உலகம் முழுக்க எல்லாரும் எல்லா மொழியும் பேசினார்கள். யாரும் எந்த அயல்மொழியும் கற்கவில்லை.

செவ்வாய்க் குடியிருப்புகளில்தான் சிக்கல் வந்தது. சூரியப் புயல் அடிக்கும்போது நாச்சில்லுகள் மணிக்கணக்கில் ஊமையாகிவிடும். அப்படி ஒரு புயலில், காற்று கசிகிறது என்று ஒருவன் தன் மொழியில் கத்த, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் வணக்கம் சொல்கிறான் என்று நினைத்துத் திரும்பக் கையாட்டினான். கையாட்டியவன் பிழைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் குடியேற்ற வாரியம் அந்த விதியைக் கொண்டுவந்தது. வருகிறவர் யாராயினும் சில்லைக் கழற்றிவிட்டு, சொந்த வாயால், ஆங்கிலத்தில் தன் மனதில் உள்ளதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சரியாகப் பேச வேண்டும் என்பதில்லை. சரியாகப் பேசினால் எங்கோ ஒளித்துவைத்த சில்லு பேசுகிறது என்று சந்தேகம் வரும். தடுமாறி, தப்பும் தவறுமாய், ஆனால் விஷயத்தைச் சொல்லிவிடுகிற ஆங்கிலமே வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் பயிற்சி மையமும் வந்துவிடும். திருமலைசாமி தப்புகளைக் கற்றுக்கொடுத்தார். எந்த வாக்கியத்தில் வினைச்சொல்லை விழுங்குவது, எந்தச் சொல்லைத் தேடுகிற பாவனையில் கூரையைப் பார்ப்பது, எங்கே "அம்ம்" என்று இழுப்பது, எல்லாம் பாடத்திட்டத்தில் இருந்தது. மாணவர்கள் வரிசையாக எழுந்து ஒரே குரலில் திக்கினார்கள்.

பின்வரிசையில் இருந்த தமயந்தி மட்டும் அன்று திக்கவில்லை. அவளுக்கு முப்பது வயது. விதை ஆய்வகம் ஒன்றில் வேலை. கணவன் பூபதி செவ்வாயில் காற்றுக்குழாய்களைப் பழுதுபார்க்கிறான். திருமணமான ஆறாம் மாதம் போனவன்.

அவள் இரண்டு முறை தேர்வில் தோற்றிருந்தாள். முதல் முறை, பிழையே இல்லாமல் பேசியதால். இரண்டாம் முறை, அவள் செய்த பிழைகள் பெருந்துறையிலிருந்து வந்த அத்தனை பேருடைய பிழைகளாகவும் இருந்ததால். மறுநாள் மூன்றாவது. அதிலும் தோற்றால் இந்தப் பருவத்தின் கடைசிக் கப்பல் அவளில்லாமல் கிளம்பிவிடும். பூமியும் செவ்வாயும் மறுபடி நெருங்கி வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

வகுப்பு முடிந்ததும் திருமலைசாமி அவளை நிறுத்தினார். "அம்மிணி, பயப்படாதீங்க. உங்களுக்குன்னே புதுசா நாலு தப்பு போட்டுருக்கறேன். வேற ஒருத்தருக்கும் குடுக்கலை."

"போன தடவையும் இதையேதானுங்க சார் சொன்னீங்க."

"போன தடவை கொஞ்சம் வெளிய போயிருச்சு" என்றார் அவர், பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

கோயம்புத்தூர்த் தேர்வுக்கூடத்தில் தமயந்தியின் கழுத்தைச் சுற்றி, சில்லு இல்லை என்று உறுதி செய்யும் வளையத்தை மாட்டினார்கள். எதிரே இருந்தது தேர்வி. முகம் இல்லாத இயந்திரம், ஆனால் பொறுமையான பெண்குரல்.

செவ்வாய்க்கு ஏன் போக விரும்புகிறீர்கள் என்று தேர்வி கேட்டது. மனித குலத்தின் முன்னேற்றத்துக்கு என்று தமயந்தி ஆரம்பித்தாள். இரண்டாவது வாக்கியத்தில் "அம்ம்" என்று இழுத்தாள். கூரையைப் பார்த்தாள்.

"இன்று காலை வந்த ஆறு பேரும் இதே இடத்தில் கூரையைப் பார்த்தார்கள்" என்றது தேர்வி. "அங்கே ஏதாவது இருக்கிறதா?"

தமயந்திக்குக் காது சூடானது. இரண்டு வருடம் என்ற எண்ணம் வந்தது. அதோடு பூபதியும் வந்தான். போன புதிதில் தினம் ஒரு மணி நேரம் பேசி அனுப்புவான். சாப்பிட்டது, தூங்கியது, பக்கத்து அறைக்காரனின் குறட்டை எல்லாம் அதில் இருக்கும். அது குறைந்து, குறைந்து, இப்போது ஒரே வார்த்தையில் நின்றிருந்தது. கேள்வி செவ்வாய்க்குப் போய் அந்த ஒரு வார்த்தை திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகும்.

"மை ஹஸ்பண்ட் தேர்" என்றாள். "ஃபர்ஸ்ட் ஒன் ஹவர் டாக்கிங். நவ் ஒன்லி ஃபைன். ஐ ஆஸ்க் ஈட்டிங்? ஃபைன். ஐ ஆஸ்க் ஹெல்த்? ஃபைன். ஃபிஃப்டீன் மினிட்ஸ் மெசேஜ் கம்மிங்... ஃபார் ஒன் ஃபைன்! ஐ கோ. ஐ சிட் இன் ஃப்ரன்ட். ஐ ஆஸ்க், வாட் ஃபைன்? யூ டெல் மீ, வாட் ஃபைன்!" கடைசியில் மேசையைக் குத்திவிட்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

தேர்வி வளையத்தின் அளவுகளைச் சரிபார்த்தது. பிறகு, "தேர்ச்சி" என்றது.

வாசலில் திருமலைசாமி காத்திருந்தார். எந்த ஊர்த் தேர்வானாலும் வாசலில் ஒருவர் இப்படி நிற்பது உண்டு.

"என்ன கேட்டுதுங்க அம்மிணி? என்ன சொன்னீங்க?"

சந்தோஷத்தில் தமயந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. சொன்னது மட்டுமல்ல, நடித்தே காட்டினாள். திருமலைசாமி கண்களை மூடிக் கேட்டார்.

"மேசையைக் குத்துனது வலது கையா?"

"ஆமாங்க."

"கண்ணுல தண்ணி வந்தது மொத ஃபைனுக்கா, கடைசி ஃபைனுக்கா?"

"அது யாருங்க பாத்தா? கடைசிக்குத்தான்னு நெனைக்கறேன்."

அடுத்த பத்து நாளில் கோயம்புத்தூர்த் தேர்வுக்கூடத்தின் மேசைகள் நன்றாக அடிவாங்கின. மனைவியை இழந்து பத்து வருடமான ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஒருவர், கணவனின் ஒற்றைச் சொல்லை நினைத்துக் குலுங்கி அழுதார். கல்யாணமே ஆகாத நவநீதன் "மை ஹஸ்பண்ட் தேர்" என்று தொடங்கி, வலது கையால் குத்தி, சரியாகக் கடைசி ஃபைனில் கண்ணைத் துடைத்தான்.

வாரியம் விழித்துக்கொண்டது. அந்தப் பதிலைச் சொன்ன அனைவரின் தேர்வும் ரத்து. முன்பே சொன்னவர்களின் தேர்ச்சி நிறுத்திவைப்பு. முன்பே சொன்னவர் ஒருவர்தான் இருந்தார்.

தமயந்தி வாரிய அதிகாரியைத் திரையில் பிடித்தாள். கோபத்தில் மூச்சு வாங்கியது. "சார், அது என் சொந்தக் கதைங்க! அவங்க எல்லாம் என்னையப் பாத்துச் சொன்னாங்க!"

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க மேடம்."

"என் புருஷன் நெசமாவே ஃபைன்னுதான் சொல்றாருங்க!"

"அதையும் எல்லாரும் சொல்றாங்க" என்றார் அதிகாரி. கெட்டவர் அல்ல. களைத்திருந்தார். "கப்பல் கிளம்பறதுக்கு முன்னால மறுதேர்வு ஒண்ணு போட்டுத் தரேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அங்கிருந்து நேரே பயிற்சி மையத்துக்குப் போனாள். "என் வயித்தெரிச்சலைப் பாடமா வெச்சு நடத்திட்டீங்களே சார், நல்லா இருப்பீங்களா நீங்க?"

திருமலைசாமி எழுந்து நின்றார். உண்மையாகவே தலை குனிந்திருந்தது. "தப்புதான் அம்மிணி. புள்ளைங்க பாஸாகட்டும்னு நெனச்சேன். திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு மட்டும் கேளுங்க. மறுபடி போயி அதையே சொல்லிராதீங்க."

"அதானே நெசம்!"

"நெசமா இருந்தா என்ன? இப்ப அதைவிட அடிபட்ட பதில் வேற இல்லை. வாயைத் தொறந்தா வளையத்தைக் கழட்டி அனுப்பிருவாங்க. எவனும் சொல்லாததா ஒண்ணை யோசிங்க." எதையோ கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "எங்கிட்டகூடச் சொல்லாதீங்க சாமி."

மறுதேர்வு நாள் வரை தமயந்தி யோசித்தாள். தோன்றிய ஒவ்வொரு பதிலும், பார்த்தால், அவளுக்கு முன்பே யாரோ சொல்லியிருப்பார்கள் போலத்தான் இருந்தது. எதையும் முடிவு செய்யாமலேயே மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

செவ்வாய்க்கு ஏன் போக விரும்புகிறீர்கள் என்றது தேர்வி.

"ஃபார் டைவர்ஸ்" என்றது அவள் வாய்.

கேட்டு அவளே திடுக்கிட்டாள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. "மை ஹஸ்பண்ட் பேட் மேன். வெரி... வெரி பேட். மெசேஜ்ல கிவ் பண்ண மாட்டேன். ஐ கோ தேர், பேப்பர் கிவ் இன் ஹேண்ட். தட் டைம் ஹிஸ் ஃபேஸ் ஐ வான்ட் சீ." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் நடுங்கியது, உள்ளங்கை வேர்த்தது, ஆங்கிலத்துக்கு நடுவில் தமிழ் புகுந்தது. கட்டிய கணவனை இப்படிச் சொல்கிறோமே என்று கூசியது. தேர்வி நடுக்கத்தை அளந்தது, வியர்வையை அளந்தது, இதுவரை வந்த எல்லாப் பதில்களோடும் ஒப்பிட்டது. எதனோடும் ஒத்துப்போகவில்லை.

"முற்றிலும் இயல்பான, உண்மையான பேச்சு" என்றது. அந்தப் பருவத்தில் அது கொடுத்த மிக உயர்ந்த மதிப்பெண் அதுதான். "விசா உறுதியாகிவிட்டது. விதிப்படி இந்தப் பதிவின் பிரதி உங்களை அழைத்த உறவினருக்கு அனுப்பப்பட்டுவிட்டது. வாழ்த்துகள்."

வாசலில் காத்திருந்தவர்களை விலக்கிக்கொண்டு தமயந்தி ஓடினாள். வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தி, செய்திக் கருவியை எடுத்தாள்.

"மாமா, கேட்டீங்கன்னா நம்பாதீங்க. அது பூராப் பொய்யி. பாஸாகறதுக்கு வேற வழி தெரியலை. அந்தச் சார் இருக்காரில்ல, அவரு..." என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனவள் எங்கோ நிறுத்தி, விட்ட இடத்தை யோசித்தாள். முடிக்கவில்லை. யோசித்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குள் அவனுடைய செய்தி வந்தது. நீளம் ஐம்பது நிமிடம் என்று கருவி காட்டியது.

"தமயந்தி... ஏஞ்சாமி, என்ன இது? நான் என்ன பண்ணுனேன்?" பூபதியின் குரல் உடைந்திருந்தது. "ஃபைன்னு சொன்னது தப்பா? வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. பொழுதுக்கும் குழாய்க்குள்ள ஊர்ந்துட்டுத் திரியறேன், இதையப் போயி என்ன சொல்றதுன்னு நெனச்சேன். போன மாசம் ஒரு நாள் உள்ளயே மாட்டிக்கிட்டேன். நாலு மணி நேரம். சொன்னா நீ பயந்துக்குவேன்னு சொல்லலை. அந்த நாலு மணி நேரமும் உங்கிட்டதான் பேசிட்டிருந்தேன், தனியா, இருட்டுக்குள்ள. நீ வெச்ச ரசத்தையப் பத்திக்கூடப் பேசினேன். இரு, போயிராதே, இன்னும் இருக்குது..."

வண்டி எங்கும் போகவில்லை. அவள் அசையாமல் முழுவதையும் கேட்டாள். அவன் பக்கத்து அறைக்காரனைப் பற்றிச் சொன்னான். ஜன்னலில் படியும் செம்மண்ணைப் பற்றி, பயந்ததைப் பற்றி, அழுததைப் பற்றிச் சொன்னான். இரண்டு இடத்தில் அவள் சிரித்தாள். ஓரிடத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அவன், "நாளைக்கும் பேசறேன். தினமும் பேசறேன். நீ வர்ற வரைக்கும் பேசறேன்" என்றான்.

செய்தி முடிந்ததும், பாதியில் நின்ற அவளுடைய செய்தியைக் கருவி நினைவூட்டியது. அனுப்பவா, அழிக்கவா, பிறகு பார்க்கவா என்று கேட்டது.

கப்பல் செவ்வாய் போய்ச்சேர ஏழு மாதம் ஆகும்.

தமயந்தி 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு, பூபதி பேசியதை மறுபடி முதலிலிருந்து போட்டாள்.