மஞ்சள் அணி

ஜூன் மாத முதல் திங்கட்கிழமை, வாழ்த்துப் பாட்டு முடிந்ததும் எங்கள் பள்ளியில் நிறம் விழும். பிள்ளைகள் வரிசையாக வந்து திரையில் உள்ளங்கையை வைப்பார்கள். குலுக்கல் மாதிரி, சிலருக்கு நீலம், சிலருக்கு மஞ்சள். நீலம் விழுந்தவர்களுக்குப் புதிதாக வந்த கற்றல்துணை, அதாவது பாடம் சொல்லித்தரும் ஆப். மஞ்சள் விழுந்தவர்களுக்குப் போன வருஷத்துப் பழையதுதான். நிறப்பட்டையைக் கையில் மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். யாரும் அழுவதில்லை. பெற்றோர்தான் வாசலில் நின்று கொஞ்சம் முணுமுணுப்பார்கள்.

ஒரு காலத்தில் விளம்பரத்தைப் பார்த்தே பள்ளிகள் ஆப் வாங்கின. ஒரு நடிகர் வந்து சிரித்தால் பிள்ளைக்குக் கணக்கு வந்துவிடும் என்று நம்பினார்கள். சிரிப்பு வந்தது, கணக்கு வரவில்லை. அதன் பிறகு வந்தது சான்றுச் சட்டம். பாதிப் பிள்ளைகள் ஒரு கற்றல்துணையில் படித்து, மற்ற பாதியைவிட நன்றாகக் கற்றார்கள் என்று தெரிந்தால்தான் அது மாநிலம் முழுக்கப் போகும். இல்லாவிட்டால் குப்பைக்கு. நான் பொள்ளாச்சி வட்டத்தின் சான்றாய்வன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்பாள் என் மனைவி.

அந்த வருஷம் எங்கள் பள்ளிக்குச் சோதனைக்கு வந்தது ‘கைவிளக்கு’. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தரும் துணை. பிள்ளையின் கண் எங்கே தடுமாறுகிறது என்று பார்த்து அந்த இடத்திலேயே விளக்கும். ஆறு வருஷம் பாடுபட்டு அதை உருவாக்கிய தமயந்தி எங்கள் ஊர்க்காரர். அவர் மகள் நன்முகை அதே வகுப்பில்தான் இருந்தாள். கையை வைத்தாள். மஞ்சள் விழுந்தது.

“ஊருக்கெல்லாம் விருந்து சமைச்சேன், எம்புள்ளைக்குப் பழைய சோறுங்க” என்று தமயந்தி சிரித்துச் சமாளித்தார். உருவாக்கியவர் என்பதற்காகச் சட்டம் நிறத்தை மாற்றித் தராது.

தை பிறந்ததும் தேர்வு முடிவு வந்தது. மஞ்சள் அணி முந்தியிருந்தது, அதுவும் நன்றாகவே. எனக்குத் தலை சுற்றியது. பழைய துணையில் யாரும் கை வைக்கவில்லை. கேள்விகள் கசியவில்லை. ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்ட இடம் குழாயடி. மதிய இடைவேளையில் மஞ்சள் பட்டைக்காரர்கள் நன்முகையைச் சுற்றி நின்றார்கள். அவள் கையில் தேங்காய் பன்.

“இதுல பாதி உனக்கு. அந்தப் பாதியில பாதி இவனுக்கு. அப்ப முழுசுல இவனுக்கு எவ்வளவு?”

“பாதி” என்றான் பாதி கிடைத்தவன்.

“அப்ப நீ எதைத் திம்பே? பன் சுத்தி வந்த காகிதத்தையா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து, யோசித்து, “கால்” என்றான். உரிய கால் துண்டு அவன் வாய்க்குப் போனது.

“உனக்கு யாரு கண்ணு சொல்லித் தந்தது?” என்று கேட்டேன்.

“அம்மாங்க சார்” என்று சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அன்று மாலையே தமயந்தியின் வீட்டுக்குப் போனேன். அவர் மறைக்கவில்லை. “மஞ்சள்ல விழுந்துட்டாளேன்னு மனசு கேக்கலீங்க. வீட்டுல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன்.”

அந்த அம்மா தன் சோதனையைத் தானே கெடுத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. “நடந்ததைச் சொல்லீட்டீங்கன்னா சோதனை செல்லாதுங்க. கைவிளக்குக்கு இன்னொரு வருஷம் கிடைக்கும்” என்றேன். அவர் பிழைக்க அது ஒன்றுதான் வழி.

தமயந்தி வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். “நான் சொல்லிக் குடுத்தது இவ ஒருத்திக்குத்தான். அத்தனை புள்ளைங்களுக்கும் எப்படிங்க வந்துச்சு? என் கைவிளக்கு கண்ணையே பாத்துச் சொல்லுதே, அதுல வராதது பன்னுல எப்படி வந்துச்சு?” அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம். எனக்கும் அந்தக் கேள்வி தொற்றிக்கொண்டது.

சோதனை ரத்தானது. ஆனால் கைவிளக்குக்குக் கிடைத்த மறுவாய்ப்பை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷ வேலையை ஓரங்கட்டிவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் புதிதாக ஒன்றைச் செய்தார். அது எதையும் முழுதாக விளக்காது. ஒரு பிள்ளைக்குக் கொஞ்சம் சொல்லி, “இதைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்லிக் கொடு” என்று அனுப்பிவிடும். பெயர் ‘சொல்துணை’. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இவ்வளவு எளிதான விஷயமா என்று ஆசையோடு காத்திருந்தேன்.

சான்று வேண்டுமென்றால் ஒப்பிட மறுபாதி வேண்டும். நீல அணி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும். மஞ்சள் அணி வருஷம் முழுக்க யாருக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. விதியை எழுதியவன் நான்தான். எழுதும்போது அது வெறும் விதியாகத்தான் தெரிந்தது.

ஜூன் வந்தது. நன்முகை திரையில் கையை வைத்தாள். மஞ்சள்.

தமயந்தி என்னைப் பார்த்தார். இந்தமுறை அவர் சிரித்துச் சமாளிக்கவில்லை.

“யாராச்சும் வந்து கேட்டா என்னங்க சார் சொல்றது?” என்றாள் நன்முகை.

“தெரியாதுன்னு சொல்லீரு கண்ணு.”

“தெரிஞ்சாலுமா?”

“தெரிஞ்சாலும்தான். ஒரு வருஷம் பொறுத்துக்க. அப்புறம் எல்லாப் புள்ளைங்களுக்கும் நல்லது.”

மதியம் குழாயடிக்குப் போனேன். போன வருஷம் கால் துண்டு தின்ற அதே பையன், அவனும் மஞ்சள்தான், ஒரு கணக்கைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் அதை ஒரு பார்வை பார்த்தாள். விடை அவள் முகத்தில் வந்து நின்றதை நான் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எனக்குத் தெரியாதுடா” என்றாள்.

அவன் நம்பவில்லை. நோட்டைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் பன்னைப் பிய்க்காமல் முழுதாகத் தானே தின்று முடித்தாள். சோதனை முறைப்படி நடக்கிறது என்று நான் பதிவு செய்தேன்.