நீலக் கொப்பி

பாக்ஸ் மெசினிலிருந்து வெளியே வருகிற தாள் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும், அப்போதுதான் தோசைக்கல்லிலிருந்து எடுத்ததுபோல. எட்டு நாட்களாக அந்தத் தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டிருந்த சபாரத்தினத்துக்கு அது நன்றாகத் தெரியும். அன்று பின்னேரம் நாலரைக்கு வந்த தாள் குளிர்ந்திருந்தது. ஐஸ்பெட்டியில் ஓர் இரவு கிடந்த மீனைத் தொட்டதுபோல விரல்கள் தாமாகவே பின்வாங்கின.

கூடத்தில் ஹீட்டர் சரியில்லை, அதுதான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு பிறந்து மூன்று நாளாகியிருந்தது. மனோர் பார்க்கில் ஒரு கம்பளக்கடை மூடிப்போய், அதன் பின்கூடம் சும்மா கிடந்தது. கடல் கொண்டுபோனது போக மிச்சமிருந்த சனத்துக்கு ஏதாவது அனுப்பவேண்டும் என்று இருபது பேர் சேர்ந்து அதைத் திறந்திருந்தார்கள். லண்டன் தமிழர்கள் தாராள மனசுக்காரர்கள். முல்லைத்தீவின் வெயிலுக்குக் கம்பளிக் கோட்டும் கையுறையும் கொண்டுவந்து குவித்தார்கள். ஒருவர் பனிச்சறுக்குச் சப்பாத்துக்கூடக் கொடுத்தார். அனுப்பமுடியாதவற்றின்மேல் 'வேண்டாம்' என்று எழுதி நாடா ஒட்டி ஒரு மூலையில் போடுவார்கள். அந்தக் குவியல் மற்றக் குவியல்களை விடப் பெரிது. கூடம் முழுக்கப் பூச்சி உருண்டை வாசம், பழைய கம்பளப் பசை வாசம், வேறு வீடுகளின் பொரியல் வாசம்.

சபாரத்தினத்தின் வேலை பெயர்கள். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஊர் முகாம்களிலிருந்து தொலைநகலாகப் பாக்ஸில் வருகிற பெயர்களை இரண்டு கொப்பிகளில் பதிவார். செத்தவர்கள் சிவப்புக் கொப்பியில், முகாமில் உயிரோடு இருப்பவர்கள் நீலக் கொப்பியில். நீலக் கொப்பியில் கடைசி நிரல் 'தேவை'. பாய், பால்மா, மூக்குக்கண்ணாடி என்று முகாமிலிருந்து கேட்பதை அதில் எழுதுவார். எழுதிய பிறகு இங்கிருக்கும் உறவினர்களுக்குத் தொலைபேசி எடுப்பதும் அவரே. அவருடைய குரலைக் கேட்டதும் ரிசீவரை வைத்துவிடும் அளவுக்கு ஒரு வாரத்திலேயே அவர் பிரபலமாகிவிட்டார்.

குளிர்ந்த தாளில் பதினேழு பெயர்கள் இருந்தன. பதினாறை நிதானமாகச் சிவப்பில் பதிந்தார். பதினேழாவது: கந்தையா புவனேசன், வயது நாற்பத்தொன்பது, முல்லைத்தீவு. உடல் அடையாளம் காணப்பட்டு அன்றே அடக்கம்.

அவருடைய மனைவி கனகவல்லியின் ஒரே தம்பி.

பேனா தாளின் மேல் நின்றது. மை ஒரு பொட்டாய் ஊறியது. இன்னும் இருபது நாளில் மகள் தர்ஷினிக்குக் கலியாணம். நாலு வருஷத்துக்கு முன் ஒரு கலியாணம் பேசி, இடையில் கனகவல்லியின் தாய் கண்ணை மூட, சாவுத் தீட்டென்ற துடக்கு, பிறகு வருஷம் முடிய ஆட்டத்திவசம் என்று தள்ளிவைத்ததில் அந்த மாப்பிள்ளை வேறு கழுத்தில் தாலி கட்டிவிட்டான். தர்ஷினிக்கு இப்போது முப்பத்தொன்று. துடக்கு எத்தனை நாள் என்பதில் ஐயருக்கும் சனத்துக்கும் ஒருபோதும் ஒத்துவராது. கடைசியில் சனம் சொல்வதே நடக்கும். தாய்மாமன் செத்து மாசம் ஆகாமல் மணவறையா என்று இப்போதைய மாப்பிள்ளை சுஜீத்தின் தாய் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஆனால் துடக்கில் ஒரு வசதி உண்டு. செத்தவுடன் அது வந்து ஒட்டுவதில்லை, காதில் விழுந்தால்தான் ஒட்டும். கலியாண வீடுகளில் சாவை ஒளித்துவைப்பது புதிதும் இல்லை, பெரிய பாவமும் இல்லை. ஒருவர் மட்டும் தெரிந்துகொண்டு மற்றவர்களைச் சுத்தமாக வைத்திருக்கலாம்.

"புதுசா எத்தினை பேர், அண்ணை?" மூலையில் சேலை மடித்துக்கொண்டிருந்த இம்மாகுலேற் திரும்பாமல் கேட்டாள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள், வாயும் கரைக்காற்றுப் போலத்தான்.

"பதினேழு."

"பதினேழையும் பதிஞ்சிட்டியளோ?"

ஒளிப்பதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கச்சேரிக் கை. வந்த பெயர் ஏதாவது ஒரு கொப்பியில் இருந்தே ஆகவேண்டும் என்று பழகிய கை. சபாரத்தினம் நீலக் கொப்பியை இழுத்து, கந்தையா புவனேசன், வயது நாற்பத்தொன்பது, பாடசாலை முகாம் என்று எழுதினார். தேவை என்ற இடத்தை வெறுமையாக விட்டார். தாளைக் கிழித்துக் கழிவறையில் போட்டு இரண்டு தரம் தண்ணீர் இழுத்துவிட்டார்.

"ஓம், பிள்ளை," என்றார். "பதிஞ்சாச்சு."

வீட்டுக்குப் போய், புவனேசன் முகாமில் இருக்கிறான் என்று சொன்னபோது கனகவல்லி அடுப்பை அணைத்துவிட்டு நிலத்தில் இருந்து அழுதாள். பிறகு எழுந்து முப்பத்தாறு பேருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள். ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சொல்வதுபோலச் சொன்னாள். சபாரத்தினம் மேல்மாடியில் கட்டிலில் கிடந்து முப்பத்தாறு தரமும் கேட்டார். அன்றிலிருந்து சாமி அறைக்குள் அவர் போகவில்லை. முழங்கால் வலி என்றார்.

அடுத்த நாள் நீலக் கொப்பியைத் திறந்தபோது புவனேசனுக்கு நேரே, தேவை என்ற நிரலில், 'சப்பாத்து' என்று எழுதியிருந்தது.

"இது ஆர் எழுதினது?"

இம்மாகுலேற் எட்டிப் பார்த்தாள். "என்னைக் கேக்கிறியளே? உங்கட எழுத்து."

அவருடைய எழுத்துத்தான். இப்பன்னாவின் புள்ளியை வட்டமாகப் போடுகிற பழக்கம் உலகத்தில் அவருக்கு மட்டுமே உண்டு. வேலைக் களைப்பில் எழுதியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் அன்று மாலை கூடத்தைப் பூட்டும்போது, வேண்டாக் குவியலின் உச்சியில் இருந்த கறுப்புச் சப்பாத்துச் சோடியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் துணி அமுங்கிய இரண்டு பள்ளம் மட்டும் இருந்தது, யாரோ அதிலே காலை நுழைத்து எழுந்து போனதுபோல.

மூன்று நாள் கழித்து, சப்பாத்துக்குக் கீழே: 'குளிருக்குக் கோட்டு.'

"முல்லைத்தீவில குளிரே, அண்ணை?" இம்மாகுலேற் சிரித்தாள். "உங்கட மச்சான் என்ன பிரபுவோ?"

சபாரத்தினம் சிரிக்கவில்லை. வேண்டாக் குவியலை அவர் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தெரிந்தது, அது கொஞ்சம் தாழ்ந்திருந்தது. வெளியே மழை. கம்பளப் பசை வாசத்துக்கு அடியில் இன்னொரு வாசம், மீன்வாடி ஓரத்தில் காயாமல் விட்ட வலையின் வாசம், கூடத்தின் தூரத்து மூலையிலிருந்து தரையோடு தரையாக வந்து அவருடைய கணுக்காலைத் தொட்டது. அவர் காலை நாற்காலிக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டார். அறுபது வயது மனிதர். இம்மாகுலேற் பார்த்தும் பாராததுபோல இருந்தாள்.

இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மாலை கனகவல்லி வாசலிலேயே காத்துநின்றாள்.

"இஞ்சருங்கோ, தம்பி கோல் எடுத்தவன்."

அவர் குடையை மடிக்க மறந்து அதோடு உள்ளே வந்தார்.

"லைன் சரியில்லை. ஒரே இரைச்சல். அக்கா, நான் கலியாணத்துக்கு வாறன் எண்டவன். வந்து நான்தானே முதல்தண்ணி வார்க்கவேணும் எண்டான்."

"விசா?"

"கேட்டனான். தன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையாம்."

அந்த இரவு சபாரத்தினம் நித்திரை கொள்ளவில்லை. கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். விடிந்ததும் கூடத்துக்குப் போய் நீலக் கொப்பியைத் திறந்தார். தேவை நிரலில் இப்போது 'வழி' என்று ஒரு சொல் மட்டும். பேனாவை எடுத்து அந்தப் பெயருக்கு மேலே வைத்தார். ஒரு கோடு. அவ்வளவுதான். கோடு போட்டுச் சிவப்புக்கு மாற்றி, வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் நிற்கும். எல்லாம் என்றால் கலியாணமும்.

நெல்லிக்காய் நிறக் கூறைச்சேலை கட்டில்மேல் விரித்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. அதைத் தொடாமல், பக்கத்தில் இருந்து, தர்ஷினி முதல் நாள் இரவு பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த முறை நடக்கும்தானே, அப்பா?" என்று கேட்டிருந்தாள். சின்னப்பிள்ளைக் குரலில் இல்லை. பஸ் வருமா என்று கேட்கிற குரலில்.

"அண்ணை," என்றாள் இம்மாகுலேற் பின்னாலிருந்து. "உயிரோட இருக்கிறவையின்ர பெயரை வெட்டாதேங்கோ. கூடாது."

"செத்தவையின்ர பெயரை?"

 அவள் சிலுவை போட்டுக்கொண்டு, தன் கோட்டை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கூடத்துக்கு வரவேயில்லை.

அவர் பேனாவை மூடிவைத்தார்.

கலியாணக் காலை ஏழு மணிக்கும் வெளியே இருட்டுத்தான். ஜனவரி லண்டனில் சூரியன் எட்டுக்குத்தான் வேலைக்கு வரும். பொம்பிளைக்குத் தலையில் பாலும் அறுகும் வைத்து, மாமன் முதல்தண்ணி ஊற்றித் தோயவார்க்கவேண்டும். ஊரில் கிணற்றடியில் செய்வது. இங்கே குசினிக்குப் பின்னால் இருக்கும் குளியலறையில், தொட்டிக்குள் ஒரு முக்காலி போட்டுத் தர்ஷினியைப் பழைய சேலையோடு இருத்தியிருந்தார்கள். மாமிமாரும் அத்தைமாரும் வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"தாய்மாமன் வராமல் ஆர் தொடங்கிறது?" என்றாள் ஒருத்தி.

மணி அடித்தது.

கனகவல்லி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. கூடவே அந்த வாசம். நடையில் நின்ற சபாரத்தினம் சுவரோடு ஒட்டினார்.

புவனேசன் வந்தான். தாடி வழித்திருந்தான். முகம் சாதாரணமாக இருந்தது. நீளக் கம்பளிக் கோட்டு, கறுப்புச் சப்பாத்து. கதவடியில் நின்ற எல்லோருடைய வாயிலிருந்தும் குளிருக்கு வெண்புகை வந்தது. அவன் வாயிலிருந்து வரவில்லை.

"தம்பி, பிளேனில சாப்பிடத் தந்தவங்களே?"

"பசிக்கேல்லை, அக்கா."

"மெலிஞ்சு போனான் பாவம்."

"கோட்டைக் கழற்றன் தம்பி, ஹீட்டர் போட்டிருக்கு."

"குளிருது, மாமி."

நடை ஒடுக்கம். ஒருவர்தான் போகலாம். சபாரத்தினத்தைத் தாண்டும்போது அவன் நின்றான். கண்ணிமை அசையவில்லை.

"அத்தான்," என்றான், நன்றியோடு. உண்மையான நன்றியோடு. "நீங்கள் மட்டும் எழுதியிராட்டி."

பிறகு தாண்டிப் போனான். கோட்டின் முதுகில் நாடா. 'வேண்டாம்.' சபாரத்தினத்தின் எழுத்து.

தேங்காய் உடைந்த சத்தம். பாலும் அறுகும் வைக்கிற முணுமுணுப்பு. செம்பு தொட்டியின் ஓரத்தில் தட்டுப்படுகிற ஓசை.

தண்ணீர் விழத் தொடங்கியது.

"ஐயோ மாமா, சரியான குளிர்," என்று தர்ஷினி சிரித்தாள்.

செம்பு சின்னது. மூன்று கை நீர் கொள்ளும். சபாரத்தினம் மனதுக்குள் நொடிகளை எண்ணினார். ஐந்து. பத்து. இருபது. தண்ணீர் நிற்கவில்லை. ஒரே ஊற்றாக விழுந்துகொண்டிருந்தது. குழாயைத் திறக்கும் சத்தம் இல்லை. இரண்டாம் செம்பு அள்ளும் சத்தம் இல்லை.

தர்ஷினியின் சிரிப்பும் இல்லை.

"எவ்வளவு ஆசையா வார்க்கிறான் பாருங்கோ," என்றாள் கனகவல்லி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாற்பது.

குளியலறை வாசல்படி நனைந்தது. பெண்களின் கால்களுக்கு இடையால் தண்ணீர் வந்தது. மண்ணிறமாக. அவர்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே நின்றார்கள்.

அவர் வாயைத் திறந்தார். இருபது நாள் பூட்டிவைத்த வாய்.

"கனகம். புவனேசன் செத்துப்போனான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"அலையில செத்தவன். பாக்ஸ் வந்தது. நான்தான் ஒளிச்சனான்."

கனகவல்லியின் முகம் மலர்ந்தது. "நாங்களும் அப்பிடித்தானே முதல் பயந்தனாங்கள்," என்றாள். பெண்கள் சிரித்தார்கள். ஒரு மாமி அவருடைய தோளில் தட்டினாள். "மச்சானைப் பகிடி பண்ணாமல் அண்ணைக்கு ஒரு நாள் போகாது. ஆளே வந்து நிண்டு தண்ணி வார்க்கிறார், செத்தவராம்."

"நிப்பாட்டுங்கோ. பிள்ளையைப் பாருங்கோ."

"வடிவா வார்க்கட்டும். ஒரே மருமகள்."

அவர் தள்ளினார். மாமியை, அத்தையை, கனகவல்லியை. கணுக்காலளவு தண்ணீர். கடும் குளிர். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டினார்.

தண்ணீர் நின்றது.

அவன் அங்கே இல்லை. குளியலறைக்கு யன்னல் கிடையாது.

தர்ஷினி முக்காலியில் நிமிர்ந்து இருந்தாள். கை மடியில். கண் திறந்திருந்தது. உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது.

அவளுடைய நீண்ட கூந்தல் தோளில் விழவில்லை. அது மேல்நோக்கி எழுந்து, விரிந்து, அந்தச் சின்ன அறையின் காற்றில் மெல்ல மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம். ஆழத்தில் பாசி ஆடுவதுபோல.

"தோய்ஞ்சது காணும் பிள்ளை, எழும்பு," என்றாள் பின்னால் நின்ற மாமி. "ஐயர் பார்த்துக்கொண்டிருப்பார்."

தர்ஷினியின் உதட்டோரத்திலிருந்து ஒரு குமிழி கழன்றது. அவசரம் இல்லாமல் மேலே போனது. விளக்கைத் தாண்டி, கூரையில் முட்டி, உடையாமல் ஒட்டிக்கொண்டு நின்றது.