மூலையில் விழுந்த விரல்கள்

அப்பாவின் வேலை அறைக்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இரண்டு, பட்டாணி எதையும் தொடக் கூடாது.

முதல் விதி மெழுகுப் புகைக்காக. இரண்டாவது விதி எதற்காக என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பட்டாணிக்குப் பத்து வயது. பிறந்தபோது கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தாளாம். அதனால் அந்தப் பெயர். இப்போது வகுப்பிலேயே அவள்தான் உயரம். பெயர் மட்டும் வளரவில்லை.

அப்பா மெழுகில் ஓவியம் செய்பவர். அவருடைய மேசையில் ஒரு மின்சார அடுப்பு இருக்கும். அதன் மேல் தகர டப்பாக்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் தேன்மெழுகும் கொஞ்சம் குங்கிலியமும் உருகிக் கிடக்கும். குங்கிலியம் சேர்த்தால்தான் மெழுகு ஆறியபின் கெட்டியாக நிற்கும்.

யாராவது தங்கள் வீட்டுப் போட்டோக்களைக் கொண்டுவந்து தருவார்கள். அப்பா அவற்றை மெல்லிய தாளில் அச்செடுத்து, மரப்பலகையில் வைத்து, மேலே சூடான மெழுகைப் பூசுவார். மெழுகு பட்டதும் தாள் கண்ணாடி மாதிரி ஆகிக் காணாமல் போய்விடும். படம் மட்டும் மிஞ்சும். அதன் மேல் நிறம், நூல், பொத்தான், பழைய பஸ் டிக்கெட் என்று என்னென்னவோ சேரும். பிறகு இன்னொரு அடுக்கு மெழுகு.

அந்தச் செவ்வாய்க்கிழமை புதுப் பலகை ஒன்று மேசையில் இருந்தது. அது விற்பதற்கு இல்லை. மாடி அக்காவுக்கு.

மாடி அக்கா லிஃப்ட் பழுது பார்ப்பவர். வேறு ஊரில் நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. சனிக்கிழமை காலை வீட்டைக் காலி செய்கிறார்.

போன வருடம் அம்மா படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கே குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். அப்போது மாடி அக்கா தினமும் வேலை முடிந்ததும் நேராகப் பட்டாணியிடம்தான் வருவார். தலை பின்னிவிடுவார். வீட்டுப்பாடத்தைப் பார்ப்பார். பிறகு தன் பழைய போனில் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவார். கூடவே ஒரு வரி எழுதுவார்.

'இன்னைக்கு முட்டை சாப்பிட்டா. சத்தியமா சாப்பிட்டா. ஓடு பக்கத்துல இருக்கு, பாருங்க.'

இப்படி நூற்றுப் பதினெட்டுப் படங்கள். கடைசிப் படம், அம்மா வீடு திரும்பிய நாளில் எடுத்தது. வாசல் கதவுக்கு முன்னால் அம்மா, அப்பா, பட்டாணி மூவரும் நிற்கும் படம்.

"இதை நடுவுல பெருசா வைக்கலாம். சுத்தி சின்னச் சின்னதா உன்னோட படங்கள். நல்லா இருக்கும்ல?" என்றார் அப்பா.

பட்டாணி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பல் விழுந்த பட்டாணி. தூங்கும் பட்டாணி. முட்டையை முறைக்கும் பட்டாணி.

"அப்பா, இதுல அக்கா எங்கே?"

"படம் எடுத்தவங்க எப்படிப் படத்துல இருப்பாங்க?"

"அப்போ இது அவங்க படம் இல்லையே. நம்ம படம். புது ஊர்ல சுவத்துல மாட்டி, தினமும் நம்ம மூஞ்சியையே பாத்துட்டு இருக்கணுமா அவங்க?"

அப்பா தூரிகையைக் கீழே வைத்தார்.

"அதானே. அவங்களுக்கு நன்றி சொல்ற படத்துல அவங்களே இல்லைன்னா எப்படி?" என்றார். "சரி, மேல போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

பட்டாணி அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

மாடி அக்கா அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தார். போனைப் பார்த்ததும் ஒரு பெட்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

"போட்டோவா? வேணாம்டா தங்கம்."

"ஒண்ணே ஒண்ணு, அக்கா."

"கேமராவைப் பாத்தாலே என் மூஞ்சி, பல் டாக்டரைப் பாத்த மாதிரி ஆயிடும். என் அடையாள அட்டையைப் பாத்திருக்கியா? அதைக் காட்டினா காவலாளி சொல்றார், 'இந்த அம்மாவை வரச் சொல்லுங்க, நீங்க யாரு?'ன்னு."

பட்டாணிக்குச் சிரிப்பு வந்தது. "நான் நல்லா எடுப்பேன் அக்கா."

"நீ நல்லாத்தான் எடுப்பே. எனக்குத்தான் பிடிக்காது. விட்டுடு, என்ன?"

அக்கா திரும்பி, பெட்டியின் மேல் ஒட்டுநாடாவை இழுத்து ஒட்ட ஆரம்பித்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் கன்னத்தில் விழுந்தது. நாடாவை வெட்டக் கத்தரிக்கோல் எங்கே என்று தேடிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். போனைத் தூக்கினால் போதும். அவருக்குத் தெரியவே தெரியாது.

பட்டாணி போனைத் தூக்கினாள். திரையில் அக்கா அழகாகத் தெரிந்தார்.

அவள் அந்தப் போனைப் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கத்தரிக்கோல் உங்க முட்டிக்குக் கீழ இருக்கு, அக்கா" என்றாள்.

கீழே வந்ததும் அப்பா கேட்டார். "எடுத்தியா?"

"இல்லப்பா. வேணாம்னு சொன்னாங்க."

"அவங்க பாக்காத நேரமா ஒண்ணு..."

"வேணாம்னு சொன்னாங்கப்பா."

அப்பா மேசையில் இருந்த படங்களை ஒதுக்கி வைத்தார். "சரி. சரிதான்" என்றார்.

புதன்கிழமை முழுதும் பட்டாணி யோசித்தாள். அக்காவின் கருவிப் பையை வரையலாமா? அது பையின் படம்தான். பெயரை எழுதி வைக்கலாமா? அது வாசல் பெயர்ப்பலகை மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை கேட்ட கேள்விக்கு, "லிஃப்ட்" என்று பதில் சொல்லிவிட்டாள். கேள்வி தாவரங்களைப் பற்றியது.

வியாழக்கிழமை மாலை அப்பா வேலையைத் தொடங்கிவிட்டார். வேறு வழி இல்லை. ஒவ்வோர் அடுக்கும் ஆற வேண்டும். அச்செடுத்த மெல்லிய தாள்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கத்தரித்த துண்டுகள் குப்பைக் கூடையில் விழுந்தன.

பட்டாணி தொடலாம் என்று அனுமதி உள்ள ஒரே பொருள் அந்தக் கூடைதான். அதைக் கொட்டுவது அவள் வேலை. தூக்கும்போது ஒரு துண்டு பறந்து அவள் காலடியில் விழுந்தது.

"இது என்னப்பா? உருளைக்கிழங்கா?"

"எங்கே, காட்டு. அதுவா? விரல். மாடி அக்கா போன் பிடிக்கிற லட்சணம் அது. ஒரு விரல் அடிக்கடி கேமரா முன்னாடி வந்து நிக்கும். நிறையப் படத்துல மூலையைக் கெடுத்து வெச்சிருக்காங்க. நான்தான் வெட்டி எடுத்துட்டேன்."

பட்டாணி அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு கூடையைத் தரையில் கவிழ்த்தாள்.

"ஏய், ஏய்! குப்பையை வெளிய கொட்டச் சொன்னா உள்ள கொட்டுறே?"

பட்டாணி துண்டுகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினாள். ஒன்பது இருந்தன. எல்லாமே மங்கல். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் கறுப்பு மசகு அப்பியிருந்தது. ஒன்றில் கட்டு போட்டிருந்தது. அது லிஃப்ட் கதவு அக்காவின் விரலை நசுக்கிய வாரம். ஒன்றில் நகம் பச்சை நிறத்தில் இருந்தது. அது மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். பட்டாணிக்குப் பொழுது போகவில்லை. கையில் நகப்பூச்சு இருந்தது.

"அப்பா! இதோ இருக்காங்க அக்கா!"

சத்தம் கேட்டு அம்மா வந்தார். இப்போது அவர் நன்றாக நடக்கிறார். கீழே உட்காருவதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஆகும். நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, துண்டுகளைப் பார்த்தார்.

"ஐயோ, இது நம்ம ஆளு!" என்று சிரித்தார்.

"அம்மா, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாம? ஆஸ்பத்திரியில படம் வந்ததும் முதல்ல உன்னைப் பாப்பேன். அடுத்து மூலையைப் பாப்பேன். விரல் இருந்துச்சுன்னா ஒரு நிம்மதி. பட்டாணி பக்கத்துல ஆள் இருக்குன்னு தெரியும். அன்னைக்கு நல்லா தூக்கம் வரும்."

அப்பா தன் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்தார்.

"நான் போய் குப்பைன்னு நினைச்சேனே" என்றார்.

"பரவாயில்லப்பா. குப்பையை நான் இன்னும் கொட்டலையே" என்றாள் பட்டாணி.

பிறகு மூவரும் சேர்ந்து நூற்றுப் பதினெட்டுப் படங்களிலும் தேடினார்கள். இன்னும் பதின்மூன்று விரல்கள் கிடைத்தன. அப்பா அவற்றையும் மெல்லிய தாளில் அச்செடுத்தார். மொத்தம் இருபத்திரண்டு.

"இத்தனை விரலை எங்கே வைக்கிறது? பூரான் மாதிரி ஆயிடப் போகுது" என்றார் அப்பா.

பட்டாணி பலகையை உற்றுப் பார்த்தாள். நடுவில் அவர்கள் மூவரும் வாசலில் நின்றார்கள்.

"ஓரத்துல வைங்கப்பா. நாலு பக்கமும். அக்கா நம்மளை விழாம பிடிச்சிட்டு இருக்கிற மாதிரி."

அப்பா போய்க் கைகளைக் கழுவிக்கொண்டு வந்தார். "இன்னைக்கு ரெண்டாவது விதிக்கு லீவு" என்றார்.

ஒவ்வொரு விரலையும் பட்டாணியே வைத்தாள். அப்பா மெழுகு பூசினார். தாளின் விளிம்புகள் கரைந்து மறைந்தன. அக்கா ஒரு தடவை விளையாடக் கொடுத்த பித்தளை வாஷர் ஒன்றை மேலே ஒரு மூலையில் பதித்தார்கள். அம்மா நீல நூலை விரல்களுக்கு இடையில் ஓடவிட்டார்.

அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்ட, அப்பா சூடான காற்று ஊதும் கருவியை எடுத்தார். மெழுகு பளபளவென்று இளகியது. அப்போதுதான் அது நடந்தது. ஒரு விரல் மட்டும் கழன்று, உருகிய மெழுகில் மெல்ல நீந்தத் தொடங்கியது.

"அப்பா, ஓடுது! பிடிங்க!"

அப்பா கருவியை அணைத்துவிட்டு, குச்சியால் தள்ளப் பார்த்தார். அது வழுக்கிக்கொண்டு நடுவுக்குப் போனது. போட்டோவில் நின்ற அப்பாவின் மூக்கின் மேல் ஏறி நின்றது. மெழுகு இறுகிவிட்டது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"மறுபடி சூடாக்கினா நகர்த்திடலாம்" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா. நல்லா இருக்கு."

"எனக்கு நல்லா இல்லையே!"

"படம் உங்களுக்கு இல்லையே."

அப்பா குச்சியைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை காலை. மாடி அக்காவின் வீட்டில் கடைசி இரண்டு பெட்டிகள் மட்டும் இருந்தன. பட்டாணி பலகையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய் நீட்டினாள்.

அக்கா வாங்கிப் பார்த்தார். முதலில் நடுவில் இருந்த மூவரையும் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அவர் பார்வை ஓரத்துக்குப் போனது. ஓரமாகவே நகர்ந்தது.

"இது... கதவு நசுக்கின வாரம்" என்றார் மெதுவாக. "இந்தப் பச்சை உன் வேலை. சரி, சார் மூக்கை ஏன் நான் பொத்திட்டு இருக்கேன்?"

"அது விரலோட சொந்த முடிவும்மா" என்றார் அப்பா.

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்வளவு படத்துல விரல் விழுந்திருக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே. இத்தனை நாளும் எல்லாத்தையும் கெடுத்துத்தான் அனுப்பியிருக்கேனா?"

"கெடுக்கல. விரல் வந்த அன்னைக்குத்தான் நான் நல்லா தூங்குவேன்" என்றார் அம்மா.

அக்கா குனிந்துகொண்டார்.

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும். இந்த ஊருக்கு வந்த புதுசுல, வேலை முடிஞ்சா எங்கே போறதுன்னே தெரியாது. அந்த நாலு மாசமும் கீழ ஒரு ஆள் எனக்காகக் காத்துட்டு இருக்கும். ஓடி வருவேன்."

"இல்ல அக்கா, நாங்கதான் சொல்லணும். நாங்க மூணு நாளா யோசிச்சு செஞ்சிருக்கோம்" என்றாள் பட்டாணி.

"சரி, நீயே ஜெயிச்சே" என்று அக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

கீழே லாரி நின்றது. சாமான்கள் எல்லாம் ஏறிவிட்டன. ஓட்டுநர் ஓவியத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"குடுங்கம்மா, பின்னாடி மெத்தை மேல போட்டுடறேன்."

அக்கா அப்பாவைப் பார்த்தார். "போடலாமா, சார்?"

"வேணாம்மா. மெழுகு அறுபது டிகிரிக்கு மேலதான் உருகும். ஆனா மூடின வண்டியில சூட்டுக்கு இளகிடும். ஏதாவது உரசினா கீறல் விழுந்துடும்."

அக்கா முன் கதவைத் திறந்தார். ஓட்டுநருக்கும் தனக்கும் நடுவில் இருந்த இருக்கையில் ஓவியத்தை நிமிர்த்தி வைத்தார். இருக்கைப் பட்டையை இழுத்து அதன் குறுக்கே மாட்டினார். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.

"படத்துக்குப் பெல்ட்டா?" என்றார் ஓட்டுநர்.

"படமா? நாலு பேர் உக்காந்திருக்காங்க, அண்ணே. இவங்க மூணு பேரு. அப்புறம் நான்."

ஓட்டுநர் ஓவியத்தை ஒருமுறை பார்த்தார். அக்காவை ஒருமுறை பார்த்தார். ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

லாரி தெருமுனையில் திரும்பும்வரை பட்டாணி கையசைத்தாள். பிறகு ஓவியத்தில் இருந்தவர்களை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிப் பார்த்தாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.