சவ்வுக்கு அந்தப் பக்கம்

"திருக்காட்டுப்பள்ளியிலேருந்து திருவையாறு வரைக்கும் தெருவிளக்கு அத்தனையும் எரிய, என் ஊறுகாய் ஜாடிச் சேறு ஒண்ணு போதும்!" என்று வீரையன் டீக்கடையில் முழங்கியபோது, காது கொடுத்தவர் துரைராசு ஒருவர்தான். மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறி ஓய்ந்தவர்.

"சேத்துலேருந்து அரை வோல்ட் வந்தாலே கும்புடு போடணும். போய்யா."

மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆளில்லாத வீட்டில் கிடந்து வீரையனுக்குப் புத்தி ஊறிப்போச்சு என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. துரைராசுவும் அப்படி முடிவுகட்டிவிட்டால், அந்த வாசலை மிதிக்க இனி ஒரு ஜீவன் கிடையாது.

"நாளைக்கு மத்தியானம் வந்து பாருய்யா," என்றார் வீரையன். கெஞ்சல் மாதிரித்தான் வந்தது.

வீரையன் கல்லூரி வேதியியல் கூடத்தில் உதவியாளராக இருந்தவர். வீட்டில் ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடி இரண்டு; ஒன்றில் கறுப்புச் சேறு, மற்றதில் தெளிந்த தண்ணீர், இரண்டையும் இணைக்கும் குழாயின் நடுவே வெள்ளையாய் ஒரு சவ்வு. சேற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள் அரிசி கழுவிய தண்ணீரைத் தின்று, மின்சாரத்தைக் கம்பியில் விடும். புரோட்டானைச் சவ்வு வழியே அனுப்பும். வேறெதுவும் அதைத் தாண்டாது. எறும்பு விட்ட பெருமூச்சுகூட முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

நாளைக்கு இன்னும் நல்ல சேறு வேண்டுமென்று அன்று சாயங்காலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டோரம் அள்ளினார். கிளம்பும்போது பழக்கத்தில் "வரேன்" என்று வாய் சொல்லிவிட்டது. அங்கே யாரும் சொல்லக்கூடாத சொல். பின்னாலிருந்து "சரி" என்று கேட்டது. நாணல் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் ஐப்பசி மழை ஓடு பெயர்கிற மாதிரி கொட்டியது. மின்சாரம் போய், நட்ட வயலெல்லாம் தண்ணீராகி, வீட்டைச் சுற்றித் தவளைச் சத்தமும் ஈரக் கோணிச் சாக்கு வாடையும் தவிர உலகத்தில் எதுவுமே மிச்சமில்லை என்பதுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. ஜாடியில் மாட்டியிருந்த கடுகத்தனை பல்பு மட்டும் எரிந்தது. அரை வோல்ட்டுக்கு அது எரியவே கூடாது. சுவரில் அவர் நிழல் விழுகிற அளவுக்கு எரிந்தது.

முதலில் குதித்தார். நாலு ஊருக்குக் கேட்கச் சிரித்தார்.

பிறகு கம்பியைக் கழற்றினார்.

அணையவில்லை.

தவளைகள் நின்றன. சவ்வு தண்ணீர்ப் பக்கமாய்ப் புடைத்தது. அமுங்கியது. மறுபடி புடைத்தது. அவர் மூச்சை அடக்கினார்.

அதுவும் அடக்கியது.

"யோவ் வீரையா! தெருவிளக்கு எங்கய்யா?" குடையை உதறிக்கொண்டு துரைராசு உள்ளே வந்தார். வீரையன் எரிகிற பல்பைக் கைகாட்டினார்.

"சேறாம், மின்சாரமாம்! அடியில பேட்டரியை ஒளிச்சு வச்சிட்டு யாருக்குய்யா பூ சுத்துறே?" சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார்.

"வேணாம்யா. கையை வைக்காதே."

துரைராசு தெளிந்த தண்ணீருக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினார். துழாவல் நின்றது. சிரிப்பும் நின்றது.

தண்ணீரில் அவர் கையைத் தவிர ஒன்றுமில்லை. சவ்வில் ஒரு கீறல் இல்லை. மணிக்கட்டைச் சுற்றித் தோல் மட்டும் ஐந்து இடத்தில் குழிந்தது. இன்னும் குழிந்தது.

"ஒத்துக்கறேன்யா," என்றார் துரைராசு. "நடக்குது. நீ சொன்னது அத்தனையும் நிஜம். கையை விடச் சொல்லு."