வெள்ளை அரைக்கால் சட்டை

"என்ன கூத்துடி இது!"

காலை ஏழு மணி. அலமாரிக் கண்ணாடி முன்னால், மகளின் வாலிபால் சீருடையை மாட்டிக்கொண்டு எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உறைந்துபோனாள். வாசற்படியில் நாத்தனார்!

"நாப்பது வயசுல அரைக்கால் சட்டையா! பெத்த பிள்ளையை விளையாடப் போகவிடாம நிறுத்திட்டு, நீ ஆட்டம் போடுறியா?"

முகத்தில் சவர நுரையோடு ஓடிவந்த கணவர், ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். "மானத்தை வாங்காதே..."

அவள் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்?

மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் அவள் சர்வீஸ் போட்டால் எதிரணி நடுங்கும். அப்படிப்பட்டவள் மூன்று வாரமாக மைதானம் பக்கமே போகவில்லை. வீட்டு வேலைக்காக அம்மாதான் நிறுத்திவிட்டாள் என்று வீடே நம்பியது. முந்தின நாள் மாலை, துணி மடிக்கும்போதுதான் மகள் உடைந்து அழுதாள். "ஆட்டத்துக்கு நடுவுல பீரியட்ஸ் வந்து கறை பட்டுடுச்சும்மா... எல்லாரும் பாத்தாங்க. அப்பாக்கு, அத்தைக்கு யாருக்கும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு!"

சத்தியம் செய்தாள். ஆனால் அந்த உடுப்பு அவளை விடவில்லை. தையல் கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கை. எதற்கு வெள்ளை? இடுப்பு ஏன் பின்னால் இப்படித் தொங்குகிறது? கையைத் தூக்கினால் சட்டை எவ்வளவு ஏறும்? போட்டுக் குதித்தால்தானே தெரியும்! தெரிந்தது. அது பையன்களுக்கு வெட்டிய அளவு. பெண் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்திருந்தார்கள்.

அன்றே கருநீலத் துணியில் ஒன்று தைத்தாள். உள்ளே உடம்போடு ஒட்டிய இன்னொரு அடுக்கு, முழங்கால் வரை. மேல்சட்டை நான்கு விரற்கடை கூடுதல் நீளம். பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, வாலிபால் பயிற்சியாளர் அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் விளையாடின காலத்துலயும் வெள்ளைதான். ஏன்னு ஒரு நாள்கூட யாரையும் கேட்டதில்லையே..." என்றவர், "பன்னிரண்டு பேருக்கும் தைச்சுத் தர்றீங்களா? பழைய வெள்ளையோ இதுவோ, எது வசதியோ பிள்ளைங்களே எடுத்துக்கட்டும்" என்றார்.

வீட்டில் மட்டும் ஒரு வாரம் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிறு காலை துணி மூட்டையைப் பார்த்ததும் நாத்தனார் மறுபடி ஆரம்பித்தார்.

"சொந்தப் பிள்ளை ஆட்டத்தைக் கெடுத்தவ, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தைக்கிறாளாம்!"

"போதும் அத்தை!"

கருநீல உடுப்பில் மகள் நின்றிருந்தாள். "அம்மா என்னை நிறுத்தல. அந்த நாள்ல கறை பட்டுச்சு... வெக்கத்துல நானேதான் போகல. சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான். எனக்காகத்தான் அம்மா அதைப் போட்டுப் பாத்தாங்க!"

கணவர் தலை குனிந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே..."

"அவ மானம் பெருசா, என் மானம் பெருசா, சொல்லுங்க!" அதுவரை அடக்கியிருந்த அழுகை அப்போதுதான் அம்மாவுக்குப் பொங்கியது.

நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டார். "வாய்க்கு வந்தபடி பேசினேனே... ஒரு சொல் திருப்பிச் சொல்லலையே நீ!"

"விடுங்க அண்ணி... எனக்கே அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தானே தெரிஞ்சுது."

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, உள்ளடுக்கை விரலால் இழுத்துப் பார்த்தார். பிறகு இடுப்புப் பட்டிக்குள் ஊக்கை நுழைத்து, நாடா கோக்கத் தொடங்கினார்.