கிறிசாந்தோவின் கடைசி அங்கி

செலேரினா காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது அவள் சட்டையில் கணவனின் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. இழுத்துவந்த, முக்குளிப்பவர்கள் மாட்டும் மிதவை அங்கியை மேசைமேல் போட்டாள்.

"இது அவரோடது இல்ல மேடம். இதப் போட்டுக்கிட்டு அவர் தண்ணில இறங்கவே மாட்டாரு."

இன்ஸ்பெக்டர் லிகாயா அவளை உட்காரவைத்து விசாரித்தார். அவள் கணவன் கிறிசாந்தோவும் கௌடென்சியோவும் கூட்டாக மொவால்போவால் என்ற கடலோர ஊரில் முக்குளிப்புப் பயிற்சிக் கடை நடத்திவந்தார்கள். காலையில் இருவர் மட்டும் படகில் போனார்கள். கௌடென்சியோ மண்டை பிளந்த பிணத்தோடு திரும்பினான்; பிணத்தின் மேல் இந்த அங்கி இருந்தது.

கூட்டாளிகள் இருவருக்கும் இடையே இருந்த சண்டை கான்ஸ்டபிள் ரோமுலோவுக்கும் தெரியும். கிறிசாந்தோ முதுகில் ஓர் எஃகுத் தட்டு, அதில் ஒரே காற்றுப்பை, தண்ணீரில் அமிழ இடுப்பில் ஈயப் பட்டை, அவ்வளவோடு இறங்குகிறவன். அவசரத்தில் கை தடுமாற எதுவும் இருக்கக் கூடாது என்பான். கௌடென்சியோ வாங்கிக் குவித்த புது அங்கிகளிலோ மெத்தை, பைகள், பல பொத்தான்கள், ஈயத்தைச் செருகத் தனி உறைகள். போன மாதம் அப்படியோர் அங்கியில் இறங்கிய பெண் காற்றை விடுவதற்குப் பதில் நிரப்பும் பொத்தானை அழுத்திவிட்டாள். விருட்டென்று மேலே வந்தவள் கரையில் ரத்த வாந்தி எடுத்தாள். அன்றிலிருந்து அந்த அங்கிகளைத் தண்ணீருக்குள் விடமாட்டேன் என்று கிறிசாந்தோ மறித்தான். கைகலப்பில் அவனுக்கு ஒரு பல்லும் போனது.

ரோமுலோ ஆர்வத்தோடு பொத்தான்களை அழுத்திப் பார்த்தான். எதுவும் சிக்கவில்லை. லிகாயா அங்கியைப் புரட்டி, ஈய உறைகளின் வாயை இறுக்கியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் கயிறுகளை இழுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். பிணவறைக்குப் போகும் வழியில், எஃகுத் தட்டு எங்கே என்று கேட்டார். வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை என்றாள் செலேரினா.

பிணத்தின் பின்மண்டையில் கோடு கிழித்தாற்போல் நேராக ஒரு வெட்டு; அதையொட்டி இன்னும் சில. பிறகு படகைப் பார்த்தார்கள். அடிப்பாகம் வழவழவென்று உருண்டிருந்தது. இருபுறமும் மிதவை மூங்கில்கள்.

கடையில் கௌடென்சியோ தயங்காமல் பேசினான். புது அங்கியைச் சோதித்துப் பார்க்க கிறிசாந்தோவே ஒப்புக்கொண்டானாம். ஆழத்தில் பொத்தானை மாற்றி அழுத்தி, மேலே பாய்ந்து, படகில் மோதிக்கொண்டானாம்.

"தட்டு கட்டியே பழகுன பய. நல்ல பொருளக் குடுத்தா கையாளத் தெரியல."

"எவ்வளவு ஈயம் வச்சிருந்தாரு?" என்று கேட்டார் லிகாயா.

"வழக்கமா வைக்கிறதுதான். நான்தான் ரெண்டு உறையிலயும் செருகிவிட்டேன்."

"உறை வாய்ல தொழிற்சாலையில போட்ட கட்டு இன்னும் அறுபடவே இல்லையே. அதுக்குள்ள எப்படிச் செருகுன?"

லிகாயா குரலை உயர்த்தாமல் ரோமுலோவிடம் விளக்கினார். முக்குளிப்பவர் போடும் ரப்பர் உடையும் மெத்தை அங்கியும் மிதக்கும். ஈயமில்லாமல் அதில் ஆழத்துக்குப் போகவே முடியாது. பிணத்தின் இடுப்பில் ஈயப் பட்டையும் இல்லை. ஆக, கிறிசாந்தோ தண்ணீரில் இறங்கவே இல்லை. மூங்கிலும் உருண்ட மரமும் நேர்க்கோடாக வெட்டாது; எஃகு விளிம்புதான் வெட்டும்.

"தட்டாலயே அடிச்ச. ரத்தம் படிஞ்சதைக் கடல்ல போட்டுட்ட. முதுகு வெறுமையா இருந்தா சந்தேகம் வருமேன்னு படகுல கெடந்த புது அங்கிய மாட்டிவிட்ட."

கௌடென்சியோ கணுக்காலில் கட்டியிருந்த கத்தியை உருவிப் பாய்ந்தான். குறுக்கே விழுந்த ரோமுலோவின் முன்கை எலும்பு தெரியக் கிழிந்தது. வலி உறைப்பதற்குள் ரோமுலோ அவன் தலைமுடியைப் பிடித்துக் காற்று உருளையில் மோதினான். மூக்கு நொறுங்கியது. கத்தி தரையில் விழுந்தது. விலங்கு பூட்டியபோது, அங்கிகளையெல்லாம் கடலில் எறியப்போவதாக கிறிசாந்தோ சொன்னதும் ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது என்று கௌடென்சியோ முனகினான்.

வாசலில் நின்ற செலேரினா லிகாயாவைப் பார்த்தாள்.

"ஒரே அடியா மேடம்?"

பொய் சொல்லியிருக்கலாம். லிகாயா சொல்லவில்லை. "இல்லம்மா. எந்திரிக்கப் பாத்திருக்காரு."

அவள் அழவில்லை. மேசையிலிருந்த கயிறறுக்கும் கத்தியை எடுத்து, சுவரில் வரிசையாகத் தொங்கிய அங்கிகளிடம் போனாள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் குத்தி, அடிவரை கிழித்து, அடுத்ததற்கு நகர்ந்தாள். கையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த ரோமுலோ தடுக்க எழுந்தான்; அவன் தோளை லிகாயா அழுத்தி உட்காரவைத்தார். கடைசி அங்கியும் கிழிந்து விழும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.