பதினாறாவது உரை

டெலிபோன் அலறியது!

கண்டி. 1994. மாலை மூன்று மணி.

இன்ஸ்பெக்டர் முனாப் ரிசீவரை எடுத்தார்.

"சொல்லுங்க."

"சார்! சிந்தனை மையத்து டைரக்டர் சண்முகநாதன் பேசுறேன். இந்த வருச விருது வாங்கின அழகம்மா டீச்சரைக் கடத்திட்டாங்க! அஞ்சு மணிக்கு அவங்க உரை... ஹால் நெறைஞ்சு கெடக்கு!"

ஜீப் பறந்தது.

விருதுச் சால்வை போர்த்திய ஒரு பெண்மணி கொழும்பு பஸ் ஏறியதைப் பஸ் நிலையமே பார்த்திருந்தது. கடுகண்ணாவை மலைப்பாதை வளைவில் ஜீப் அந்த பஸ்ஸை மறித்தது!

"டீச்சர்! யாரு கடத்தினது?"

"யாருமில்ல சார். நானேதான் ஓடி வந்துட்டேன்."

"ஏன்?"

டைப் அடித்த தாள்களை நீட்டினார் அழகம்மா. "இதைத்தான் படிக்கணுமாம்."

படித்த முனாப் அதிர்ந்தார். போன வருடம் காவலுக்கு நின்றபோது கேட்ட அதே உரை!

"போன வருசம் மட்டுமில்ல சார்..."

1979. விருது தொடங்கிய வருடம். முதல் விருதைச் சண்முகநாதன் தனக்கே கொடுத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் பேசினார். பாதியில் ஹால் காலி! அந்தக் காயம் ஆறவில்லை. அடுத்த வருடம் வேறொருவருக்கு விருது... அதே உரை! பதினைந்து வருடம். பதினைந்து பேர். ஒரே உரை!

"நீங்க என்னா பேச நெனச்சீங்க?"

அழகம்மா ஒரு கொப்பியை எடுத்தார். பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

"ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்துல முப்பது வருசம் படிப்பிச்சேன். ஒப்பந்தம்னு சொல்லிக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்களே... என் புள்ளைங்க. நானூத்திப் பன்னெண்டு பேரு. மேடையில ஒவ்வொரு பேரா சொல்லணும்னு கேட்டேன். முடியாதுன்னுட்டாரு."

முனாப் ஜீப்பின் கதவைத் திறந்தார்.

"ஜீப்புல ஏறுங்க டீச்சர்."

ஹால் கதவைத் தள்ளிய முனாப் உறைந்தார்.

மேடையில் சண்முகநாதன்... கதிரையில் உட்காரவைத்துக் கட்டப்பட்டு! வாயில் அவருடைய கழுத்துப்பட்டி!

"யாரு இவரக் கட்டினது?"

இருநூறு கைகள் உயர்ந்தன!

மையத்தின் செயலாளர் பொன்னையா கும்பிட்டார். "டீச்சர் வரலேன்னா நானே பேசுறேன்னு கெளம்பிட்டாரு சார்... எங்களுக்கு வேற வழி தெரியல!"

அழகம்மா மைக் முன் நின்றார். கொப்பியைத் திறந்தார்.

"மூக்காயி... நாலாம் வகுப்பு."

பின்வரிசையில் யாரோ விம்மினார்கள்.

"சார், கேஸ்?" கிசுகிசுத்தார் கான்ஸ்டபிள் இருளப்பன்.

"என்னா கேஸ்? பதினாறு வருசத்துல சிந்தனை மையம் இன்னைக்குத்தான்யா சிந்திச்சிருக்கு!"